வாகனக் கேள்வி – பதில்: ஸ்போர்ட்ஸ் காரும் பாதுகாப்புப் படலமும்

காரின் பெயின்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டப்படும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலமே பெயின்ட் பாதுகாப்புப் படலம். பேச்சு வழக்கில் பிபிஎஃப் எனப்படும் இதைப் பற்றி, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்தும் வாங்கவிருப்பவர்களிடமிருந்தும் தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு உடல் முழுவதும் பிபிஎஃப் ஒட்டச் சொல்கிறார்கள். முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டினால் போதாதா?

பதில்: பெரும்பாலான கார்களுக்கு முன்பக்கம் போதும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது போதாது. அதற்காக உடல் முழுவதும் ஒட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கல் எங்கே அடிக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். இத்தகைய காரின் மூக்கு தரைக்கு மிக அருகில் இருப்பதால், முன்னே செல்லும் வாகனத்தின் சக்கரம் கிளப்பிவிடும் கற்கள் பம்பரிலும் பானட்டின் முன்விளிம்பிலும் வந்து விழுகின்றன. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், நகருக்குள் மட்டும் ஓட்டுபவரின் காரும் பந்தயப் பாதையில் ஓட்டுபவரின் காரும் ஒரே அளவில் அடிபடுவதில்லை.

இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். பலர் கவனிக்கத் தவறுவது பின்சக்கர வளைவுகளை. அகலமான, மென்மையான ரப்பரால் ஆன டயர்கள் சூடேறியதும் சிறு கற்களைத் தம்மோடு ஒட்டிக்கொண்டு சுழன்று, பின்னோக்கி எறிகின்றன. முன்சக்கரம் எறியும் கல் கதவின் அடிப்பகுதியிலும் பக்கவாட்டுப் படியிலும் படுகிறது. அவற்றில் படாமல் தப்பியது, வெளியே புடைத்து நிற்கும் பின்சக்கர வளைவில் நேராகப் போய் அடிக்கிறது. எஞ்சின் நடுவில் அமைந்த கார்களில், அந்த வளைவுக்குச் சற்று முன்னால் காற்று உள்ளே புகும் வாய் ஒன்றும் இருக்கும். படலம் ஒட்டாத காரில் அந்த வாயின் விளிம்பு, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதுமே, மணல்தாளால் தேய்த்ததுபோல் புள்ளி புள்ளியாக வெளுத்திருப்பதைக் காணலாம்.

ஆகவே பம்பர், பானட், முன் ஃபெண்டர்கள், முகப்பு விளக்குகள், பக்கக் கண்ணாடிகளின் உறைகள், பக்கவாட்டுப் படிகள், பின்சக்கர வளைவுகள் ஆகியவற்றுக்கு ஒட்டுவதே என் பரிந்துரை. கூரையிலும் கதவின் மேற்பாதியிலும் கல் அடிப்பது அரிது. அங்கே பெயின்ட்டைக் கெடுப்பவை பெரும்பாலும் கழுவும் துணியும் பறவை எச்சமும்தான். காரை நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவரும், கீறல் எளிதில் தெரியும் கறுப்பு நிறக் கார் வைத்திருப்பவரும் உடல் முழுவதும் ஒட்டுவதில் பொருள் உண்டு. மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்த கைவேலைக்குக் கொடுப்பது மேல்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். பானட்டின் முன் பாதிக்கு மட்டும் ஒட்டி, நடுவில் நிறுத்தும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்த நடுக்கோட்டில் அழுக்கு சேர்ந்து, ஓராண்டுக்குள் தூரத்திலிருந்தே தெரியத் தொடங்கும். ஒட்டினால் அந்தப் பாகம் முழுவதற்கும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாகத்தை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: என் பழைய காரில் ஒட்டிய படலம் மூன்றே ஆண்டுகளில் மஞ்சளாகிவிட்டது. இப்போது வருபவையும் அப்படித்தானா? தடிமன் அதிகமாக இருந்தால் நல்லதா?

பதில்: இந்தப் படலத்தின் தொடக்கம் வியட்நாம் போர்க் காலத்து ஹெலிகாப்டர்களில் இருக்கிறது. மணலும் கல்லும் அரித்துவந்த சுழல் இறக்கைகளின் முன்விளிம்புகளைக் காக்க, த்ரீ எம் நிறுவனம் பாலியூரித்தேன் என்ற நெகிழும் பிளாஸ்டிக்கால் ஆன படலத்தை உருவாக்கியது. பின்னர் அது பந்தயக் கார்களுக்கும், அங்கிருந்து சாலைக் கார்களுக்கும் வந்தது. தொடக்க காலத்துப் படலங்கள் வெயிலில் மஞ்சளாவது பொதுவான குறைதான். பாலியூரித்தேனில் அரோமாட்டிக், அலிஃபாட்டிக் என இரு வகைகள் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் முதல் வகை மஞ்சளாகும், இரண்டாவது வகை பெரிதும் நிறம் மாறாமல் நிற்கும். இன்று நல்ல நிறுவனங்கள் இரண்டாவது வகையையே பயன்படுத்துகின்றன.

உங்கள் காரில் ஒட்டியது பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக்காக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிவிசி படலத்தில் நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால், படலம் மஞ்சளாவதோடு விறைத்து, கழற்றும்போது துண்டு துண்டாக உடையும். கையில் ஒரு சிறு மாதிரித் துண்டை வாங்கி இழுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் நன்றாக நீண்டு, விட்டதும் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும். பிவிசி அவ்வளவு நீளாது, நீண்ட பிறகு முழுமையாகத் திரும்பவும் செய்யாது.

தடிமனைப் பொறுத்தவரை, சந்தையில் உள்ளவை பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். தொழிற்சாலை பெயின்ட்டின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் என்பதால், படலம் பெயின்ட்டைவிடத் தடிமனான ஒரு மெத்தை. இன்னும் தடிமனான படலம் கல்லடியைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் குறுகிய வளைவுகளில் அது எளிதில் வளையாது. ஓரங்களில் எழும்பப் பார்க்கும். மெல்லிய படலம் சரியாகப் படிந்திருப்பது, தடித்த படலம் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட நல்லது.

கேள்வி: படலம் ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது? வேலை செய்பவர் திறமையானவர்தானா என்பதை நாம் எப்படி அறிந்துகொள்வது?

பதில்: ஒட்டும் வேலையைவிட அதற்கு முந்தைய தயாரிப்பு வேலைக்கே அதிக நேரம் பிடிக்கும். அவர் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் காரைக் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் பதிந்த இரும்புத் துகள்களை அதற்கான திரவத்தால் கரைத்து எடுத்து, எஞ்சிய தாரையும் பசையையும் நீக்கி, ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் கட்டியால் மேற்பரப்பைத் தடவ வேண்டும். அதன் பிறகு பாலிஷ் போட வேண்டும். படலத்துக்கு அடியில் போய்விட்ட கீறலை, படலத்தைக் கழற்றாமல் யாராலும் சரிசெய்ய முடியாது என்பதால், புதிய காராக இருந்தாலும் இந்தப் படியை விடக் கூடாது. காட்சியகத்துக்கு வந்து சேர்வதற்குள் அது எத்தனை பேரிடம் எத்தனை முறை கழுவப்பட்டிருக்கும் என்பது நமக்குத் தெரியாது அல்லவா? கடைசியாக, பாலிஷின் எண்ணெய் எஞ்சாதபடி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அந்த எண்ணெயின் மேல் பசை பிடிக்காது.

ஒட்டும்போது இரண்டு திரவங்கள் பயன்படும். தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில துளிகள் கலந்தது ஒன்று. இது பெயின்ட்டிலும் பசைப் பக்கத்திலும் நிறையத் தெளிக்கப்பட்டால், படலம் மிதந்து, விரும்பிய இடத்துக்கு நகர்த்தக்கூடியதாக இருக்கும். தண்ணீரில் ஆல்கஹால் கலந்தது மற்றொன்று. இது வழுக்கலை நீக்கி, பசை உடனே பிடிக்கச் செய்யும். ஸ்குவீஜி என்ற தட்டையான தள்ளுகருவியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் நேர்க்கோடுகளாகத் தள்ளி, அடியிலிருக்கும் நீரை வெளியேற்றுவார்கள். அழுத்தம் சீராக இருக்க வேண்டும். ஒரு கோடு விட்டுப்போனால் அந்த இடத்தில் நீர் தங்கிவிடும்.

பானட்டைப் பார்த்துவிட்டு ஒருவரின் திறமையை முடிவுசெய்ய வேண்டாம்; பானட் எளிது. பம்பரின் காற்று வாயைப் பாருங்கள். அங்கே ஒரே படலம் வெளிப்புறமாகப் புடைத்து, உடனே உட்புறமாக மடங்கி, ஒரு கூர்மையான மூலையில் முடிய வேண்டியிருக்கிறது. அனுபவம் குறைந்தவர் அந்த மூலைக்காக ஒரே பக்கமாக இழுத்துவிடுவார். அளவுக்கு மீறி இழுத்த இடத்தில் படலம் மெலிந்துவிடும். பசையில் வெள்ளிக் கோடுகள்போல் இழுவைத் தடங்கள் தெரியும். பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் படலம் சில வாரங்களில் மூலையை விட்டு எழும்பும். தேர்ந்தவரோ முதலில் நடுப்பகுதியை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, இழுவையைப் பரந்த பரப்பில் பகிர்ந்துவிட்டு, மூலைக்கு வரும்போது அங்கே ஏறக்குறைய இழுவையே இல்லாதபடி பார்த்துக்கொள்வார். ஓரத்தை மடிப்பதற்கு முன் ஆல்கஹால் கலவையைத் தெளித்து, விரல் நுனியால் அழுத்திப் பிடித்தபடி, அது பிடித்துக்கொள்ளும்வரை பொறுமையாக நிற்பார். வெப்பத் துப்பாக்கியை அவர் பயன்படுத்தினாலும் அளவோடுதான் பயன்படுத்துவார். அதிக வெப்பம் பசையையும் படலத்தின் மேற்பூச்சையும் கெடுக்கும்.

கத்தியைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தந்த காருக்கான வடிவத்தைக் கணினியில் எடுத்து, பிளாட்டர் இயந்திரத்தில் முன்கூட்டியே வெட்டிக்கொண்டு வருவது ஒரு முறை. பெரிய துண்டைக் காரின் மேல் விரித்து அங்கேயே வெட்டுவது மற்றொன்று. இரண்டாவதில் ஓரங்களை முழுமையாக உள்ளே மடிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பெயின்ட்டில் நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான்தான். கை சற்று அழுந்தினாலும் கத்தி அதைக் கடந்து நிறத்தில் இறங்கிவிடும். அந்தக் கீறல் படலத்துக்கு அடியில் வெளியே தெரியாமல் கிடந்து, என்றோ ஒருநாள் படலத்தைக் கழற்றும்போதுதான் கண்ணில் படும். சற்றுப் பெரிதாக வெட்டிய வடிவத்தைக் கொண்டுவந்து, காரின் மேல் கத்தியே வைக்காமல் ஓரங்களை மடிப்பவர் இருந்தால், அவரிடமே கொடுங்கள்.

அவர் முன்பு ஒட்டி ஓராண்டாவது ஆன கார் ஒன்றைக் காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கைதான். ஒட்டிய அன்று எல்லாக் கார்களும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஒட்டி மூன்று நாட்கள் ஆகின்றன. சில இடங்களில் மங்கலாகவும், சிறு குமிழிகளாகவும் தெரிகிறது. இது குறையா?

பதில்: விரலால் அழுத்தினால் நகரும் மென்மையான குமிழி பெரும்பாலும் நீர், அது படலத்தின் வழியே ஆவியாகிச் சில வாரங்களில் மறைந்துவிடும். வெயில் பட்டால் விரைவாக மறையும். ஊசியால் குத்த வேண்டாம். அழுத்தினாலும் கடினமாக நிற்பது தூசி, அது மறையாது. ஒன்றிரண்டு தூசிகளைத் திறந்தவெளிக் காற்றில் முற்றிலும் தவிர்க்க முடியாது என்றாலும், பானட்டின் நடுவில் கொத்தாக இருந்தால் மறுபடி ஒட்டித்தரக் கேட்கலாம். ஓரம் எழும்பியிருந்தால் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். தூசி உள்ளே போய்விட்ட ஓரம் மீண்டும் ஒட்டாது.

கேள்வி: “கீறல் தானாகவே மறையும்” என்றார்கள். சாவி பட்ட கீறல் அப்படியே இருக்கிறதே?

பதில்: மறைவது படலத்தின் மேற்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல் மட்டுமே. அந்தப் பூச்சு வெப்பத்தில் இளகி, பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை கொண்டது; வெயிலோ வெதுவெதுப்பான நீரோ பட்டால் கழுவும்போது விழுந்த நுண்கோடுகள் போய்விடும். சாவி மேற்பூச்சைக் கடந்து பாலியூரித்தேனை அறுத்துவிட்டது, அறுந்தது மீண்டும் ஒன்றுசேராது. பெயின்ட் தப்பியிருந்தால் படலம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொண்டு, அந்தப் பாகத்துக்கு மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறு விபத்துக்குப் பிறகு முன் பம்பருக்கு மறுபடி பெயின்ட் அடித்தோம். உடனே படலம் ஒட்டலாமா?

பதில்: கூடாது. தொழிற்சாலையில் உலோக உடலின் பெயின்ட் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவதால், கார் வெளியே வரும்போதே முழுமையாக இறுகியிருக்கும். பட்டறையில் மறுபடி அடிக்கும் பெயின்ட்டுக்கு, காரின் பிளாஸ்டிக் பாகங்களையும் கம்பிகளையும் கருதி, ஏறக்குறைய 60 டிகிரிதான் கொடுக்க முடியும். அதிலுள்ள கரைப்பான் பின்னும் பல நாட்களுக்கு ஆவியாகிக்கொண்டிருக்கும். அதன் மேல் படலம் ஒட்டினால் ஆவி அடியில் சிக்கிக் கொப்புளமாகும். பெயின்ட்டும் சரியாக இறுகாது. குறைந்தது 30 நாட்கள், முடிந்தால் 60 நாட்கள் பொறுத்திருங்கள். மறுபெயின்ட் அடித்த பாகம் எது என்பதை ஒட்டுபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய காரை வாங்கியவர்கள், பெயின்ட் தடிமனை அளக்கும் கருவியால் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என் காரின் நிறம் பளபளப்பில்லாத மேட், முன் உதடும் ஸ்பாய்லரும் வெளியே தெரியும் கார்பன் ஃபைபர். இவற்றுக்கும் படலம் உண்டா?

பதில்: மேட் பெயின்ட்டுக்குத்தான் படலம் மிகவும் தேவை என்பேன். பளபளப்பான பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். மேட் பெயின்ட்டில் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் மின்னத் தொடங்கி, பாகம் முழுவதற்கும் மறுபெயின்ட் அடிக்க வேண்டிவரும். அதற்கென வரும் மேட் படலத்தையே ஒட்ட வேண்டும்; சாதாரணப் படலத்தை ஒட்டினால் கார் பளபளப்பானதாகிவிடும். தயாரிப்பு வேலையிலும் பாலிஷையும் களிமண் கட்டியையும் தவிர்த்து, கழுவுவதோடும் துகள் கரைக்கும் திரவத்தோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கார்பன் ஃபைபர் பாகத்துக்குப் படலம் தாராளமாக ஒட்டலாம். புற ஊதாக் கதிர் பட்டால் கார்பன் இழைகளைப் பிணைக்கும் எபாக்சி ரெசின் மஞ்சளாகும் என்பதால், கல்லடியோடு வெயிலிலிருந்தும் ஓரளவு காப்பு கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் பாலிஷ் போடுபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வழக்கமான தடிமன் அளவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். கார்பனுக்கு மீயொலி அளவி வேண்டும். அது இல்லாமல் பாலிஷ் போடுபவர், எவ்வளவு கிளியர் கோட் மீதி இருக்கிறது என்று தெரியாமலே தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று: பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் கார்களில், அந்த இடத்தில் படலம் ஒட்டலாமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பார்க்கிங் சென்சார்களின் முகத்தை விட்டுவிட்டு வெட்டுவதே முறை.

கேள்வி: படலத்துக்கு அடியில் செராமிக் கோட்டிங் போட வேண்டுமா, மேலேயா? கழுவுவது எப்படி?

பதில்: மேலே. செராமிக் பூச்சின் வேலையே எதுவும் ஒட்டாமல் வழுக்கிவிடச் செய்வது. அதை அடியில் போட்டுவிட்டு, மேலே பசை பிடிக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. படலத்தின் மேல் போட்டால் கழுவுவது எளிதாகும். ஆனால் செராமிக் பூச்சு கல்லடியைத் தடுக்காது. “படலத்துக்குப் பதிலாக இதைப் போட்டால் போதும்” என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒட்டிய முதல் வாரம் கழுவாமல் விட்டுவிடுங்கள். பிறகு வழக்கமான கார் ஷாம்பூவும் மென்மையான துணியும் போதும். உயர் அழுத்த நீரை ஓரத்துக்கு நேரே பிடிக்காமல், சற்றுத் தள்ளி நின்று, ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கியல்லாது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடியுங்கள். பறவை எச்சத்தை அன்றன்றே நனைத்து ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். அதன் அமிலம் பெயின்ட்டுக்குப் பதிலாகப் படலத்தில் கறையை ஏற்படுத்தும்.

கேள்வி: நாமே வாங்கி ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: கதவுக் கைப்பிடிக் குழி, டிக்கியில் பெட்டி ஏற்றி இறக்கும் விளிம்பு போன்ற சிறு, தட்டையான இடங்களுக்கு முன்வெட்டிய துண்டுகளை வாங்கி ஒட்டலாம். ஸ்போர்ட்ஸ் காரின் முன் பம்பரை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: ஒட்டி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கழற்ற வேண்டுமா? பெயின்ட் உரிந்து வந்துவிடுமா?

பதில்: பெரும்பாலான உத்தரவாதங்கள் 5 முதல் 10 ஆண்டுகள் வரை மஞ்சளாதல், வெடிப்பு, பசை விடுதல் ஆகியவற்றுக்குக் கிடைப்பவை; உங்கள் படலத்தின் கெடு எவ்வளவு என்பதை உத்தரவாதச் சீட்டில் பாருங்கள். நன்றாக இருக்கிறதே என்று கெடு தாண்டியும் விட்டுவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். படலம் நெகிழ்வாக இருக்கும்வரை முழுத் துண்டாக வரும்; விறைத்துப்போன பிறகு நகத்தளவு துண்டுகளாகத்தான் வரும், பசையும் பெயின்ட்டிலேயே தங்கிவிடும்.

தொழிற்சாலை பெயின்ட் உரிந்து வருவது அரிது. மறுபெயின்ட் அடித்த பாகத்தில் அந்த ஆபத்து உண்மையாகவே உண்டு. அங்கே யாரும் முழு உறுதி தர முடியாது. கழற்றும்போது நீராவியாலோ வெப்பக் காற்றாலோ படலத்தைச் சீராகச் சூடாக்கி, ஒரு மூலையை எழுப்பி, மேல்நோக்கி இழுக்காமல் பெயின்ட்டோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். பிடிவாதமாக நிற்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து மறுபடி சூடாக்குங்கள். எஞ்சும் பசையை, அதற்கான நீக்கியை ஊற்றி ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் தள்ளி எடுக்கலாம். உலோகச் சுரண்டியை அருகில்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.